ஏற்காட்டில் அயல்நாட்டுக் கல்வியும் வணிகமும்

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு அயல்நாட்டவர் முதலில் கொண்டுவந்தது காப்பிச் செடி. பள்ளிக்கூடம் பிறகு வந்தது. சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பியையும் ஆப்பிள், பேரி போன்ற பழ மரங்களையும் இங்கே அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருக, ஐரோப்பியக் குடும்பங்கள் குடியேறின. பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்ப வசதியில்லாதவர்களுக்கு இத்தகைய குளிர்ந்த மலையூர்களின் விடுதிப் பள்ளிகளே வழியாயின.

அப்பள்ளிகளை இங்கே நிறுவியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், பிரெஞ்சுத் துறவியர். 1827இல் புதுச்சேரிக்கு வந்த க்ளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் பெண்களுக்கான சேக்ரட் ஹார்ட் பள்ளியைத் தொடங்கினர். புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் இந்தியாவுக்கு வந்தது 1903இல். துறவற சபைகள் பள்ளி நடத்துவதற்குப் பிரான்சு அரசு தடைகள் விதித்துவந்த ஆண்டுகள் அவை. தாயகத்தில் வகுப்பறையை இழந்தவர்கள் கடல் கடந்தனர். அவர்களுடைய மான்ஃபோர்ட் பள்ளி 1917இல் எழுந்தது. சசி தரூர், நடிகர் விக்ரம் ஆகியோர் அங்கே பயின்றவர்கள்.

இவ்விரு பள்ளிகளும் வேரூன்றியது பிரெஞ்சில் அன்று, ஆங்கிலத்தில். அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் அன்று ஆங்கிலமே வாசல். ஆகவே ஆசிரியர்களின் தாயகத்துக்கு இக்கல்வியால் வணிக ஆதாயம் வரும் வாய்ப்பு குறைவு. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற சீன மாணவர் விஷயத்தில் எதிர்பார்ப்பு இதற்கு நேர்மாறு. சீன இளைஞரைப் பயிற்றும் நாட்டுக்கே பின்னாளில் சீனாவின் வணிகமும் வந்து சேரும் என்று இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் வாதிட்டார். அயல்நாட்டவரை எதிர்த்துச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக்கு ஈடாகச் சீனா கட்டிவந்த தொகையில் ஒரு பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அந்தப் பணத்தில் 1909இல் முதல் அணி மாணவர் அமெரிக்கா சென்றனர். 1911இல் அவர்களை ஆயத்தப்படுத்தும் சிங்ஹுவா பள்ளி பெய்ஜிங்கில் திறக்கப்பட்டது. வணிகக் கணக்கு அங்கே கல்விக்கு முன்பே போடப்பட்டிருந்தது.

ஏற்காட்டிலோ கல்வியே வணிகமாக விளைந்தது. காப்பி மலையிறங்கிப் போய்ப் பணம் ஈட்டுகிறது. பள்ளிக்கோ பணம் மலையேறி வருகிறது. விலையும் மழையும் காப்பி வருமானத்தை ஆண்டுதோறும் அலைக்கழிக்கும். விடுதிக் கட்டணம் பருவந்தோறும் வந்துவிடும். பால், காய்கறி, சலவை, சமையல், வாடகை வண்டி எனப் பல பிழைப்புகள் அதை ஒட்டி வளர்ந்தன. பெற்றோர் வந்து தங்குவதால் தங்கும் விடுதிகளுக்கும் வருமானம் உண்டு.

இந்த வளர்ச்சியில் மலையின் பழங்குடியினரான மலையாளிகளுக்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு. பெயர் அப்படியிருந்தாலும் இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசுபவர்கள், மலைத் தெய்வமான சேர்வராயனை வழிபடுபவர்கள். தோட்டங்களும் பள்ளிகளும் எழுந்தது அவர்கள் வாழ்ந்த மலையில்தான். ஆனால் அந்த வகுப்பறைகள் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை. மலைக் கிராமங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தமிழ் வழியில் படித்துவருகின்றனர்.