ஐக்கிய அமெரிக்காவில் மூன்றாங் கட்சியும் சுதந்திரவாத வாக்காளரும்

1972ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் ஜோன் ஹொஸ்பேர்ஸ் என்னும் மெய்யியற் பேராசிரியர் 3,674 வாக்குகளையே பெற்றார். ஆயினும், சனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்வாளர் குழுவில் அவருக்கு ஒரு வாக்குக் கிடைத்தது. இருபதாண்டுகளின் பின், 1992இல், தெக்சாசுச் செல்வர் றொஸ் பெரோ ஏறத்தாழ 1 கோடியே 97 இலட்சம் வாக்குகளைப் பெற்றார். தேர்வாளர் குழுவில் அவருக்கு ஒரு வாக்குத்தானும் கிட்டவில்லை. அந்நாட்டில் மூன்றாங் கட்சியொன்று எதிர்நோக்கும் இடர் எத்தன்மையது என்பதை இவ்விரு செய்திகளும் புலப்படுத்தும்.

ஹொஸ்பேர்சை நிறுத்தியது லிபட்டேரியன் கட்சி. தனிமனிதனின் உடல், உடைமை, மனச்சான்று ஆகியவற்றில் அரசு தலையிடுதல் ஆகாது என்பது அதன் கொள்கை. 1971 ஆகஸ்டில் சனாதிபதி நிக்சன் கூலியையும் விலையையும் ஆணையால் கட்டிவைத்து, டொலரைப் பொன்னாக மாற்றும் வழக்கத்தையும் நிறுத்தினார். சந்தைச் சுதந்திரம் பேசிய குடியரசுக் கட்சியினரே இதனைச் செய்தமை கண்டு மனங்கசந்த டேவிட் நோலன் முதலியோர், அவ்வாண்டு டிசம்பரிற் கொலறாடோ மாநிலத்திற் புதிய கட்சியை அமைத்தனர். அடுத்த ஆண்டு அதற்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கும் மக்கள் தந்ததன்று. நிக்சனுக்கு வாக்களிக்க வேண்டியவரான வேர்ஜீனியாத் தேர்வாளர் றோஜர் மக்பிறைட், தம் விருப்பால் அதனை ஹொஸ்பேர்சுக்கு மாற்றியளித்தார். அவருடன் உபசனாதிபதிப் பதவிக்கு நின்ற தியோடோறா நேதன், தேர்வாளர் வாக்குப் பெற்ற முதற் பெண்மணியானார். பெருங்கட்சிகள் தம் பெண் வேட்பாளர் ஒருவருக்கு இச்சிறப்பை ஈட்ட 1984 வரை சென்றது.

மெயின், நெபிறாஸ்கா என்னும் இரண்டு மாநிலங்களொழிய ஏனையவற்றில், மாநிலத்தில் முதல்வராய் வந்தவர்க்கே அதன் தேர்வாளர் அனைவரும் உரியர். ஆகவே எத்துணைப் பேர் வாக்களித்தனர் என்பதினும், அவர்கள் எங்கே வாழ்கின்றனர் என்பதே பெரிதாகின்றது. 1948ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு ஸ்ட்றொம் தேர்மண்ட், ஹென்றி வலஸ் ஆகிய இருவரும் நூற்றுக்கு ஏறத்தாழ 2.4 வீதமே பெற்றனர். தேர்மண்டின் வாக்குகள் நிறப்பிரிவினையை விடாது பற்றிநின்ற தென்மாநிலங்களிற் குவிந்திருந்தமையால் அவர் 39 தேர்வாளரைப் பெற்றார். நாடெங்கும் சிதறிய வாக்குகளைப் பெற்ற வலசுக்கோ ஒருவருமில்லை. கொள்கையின் தகுதிக்கும் இம்முடிவுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

சுதந்திரவாத வாக்காளர் வலசின் வாக்காளரைப் போன்றவர். எம்மாநிலத்திலும் உளர், எங்கும் பெரும்பான்மையினர் அல்லர். இதனினும் கொடியது பிறிதொன்றுண்டு. வரி, உடைமை பற்றிய கருத்துக்களால் அவர் குடியரசுக் கட்சியை அணுகுகின்றார். போர், தனிவாழ்வு பற்றிய கருத்துக்களால் சனநாயகக் கட்சியை அணுகுகின்றார். தேர்தல் நெருங்குங்கால், அஞ்சத்தக்க கட்சி எதுவோ அதனைத் தடுக்கும்பொருட்டு மற்றதற்கே பலர் வாக்களித்துவிடுகின்றனர். தனியங்கத்துவப் பெரும்பான்மைத் தேர்தல்முறை இரு கட்சிகளை வளர்க்குமெனப் பிரெஞ்சு அறிஞர் மொறிஸ் டுவேர்ஜே 1951இற் கூறியதும் இவ்வச்சத்தைக் கருத்திற்கொண்டே.

1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி ஆறாண்டுகளில் லிங்கனை ஆட்சியிலமர்த்தவில்லையா என வினவலாம். அடிமைமுறைப் பிணக்கால் விக் கட்சி சிதைந்தபோது வெறுமையான இரண்டாமிடத்தையே அது பற்றிக்கொண்டது. மூன்றாவதாய் நின்று வென்றதன்று. 1892இல் 22 தேர்வாளரை வென்ற மக்கட் கட்சியோ, நான்காண்டுகளில் தன் கோரிக்கைகளைச் சனநாயகக் கட்சியிடம் பறிகொடுத்துத் தேய்ந்தது. ஆயினும் அது கேட்ட வருமானவரி 1913இல் அரசியலமைப்பில் ஏறிற்று.

2016இல் நியூ மெக்சிக்கோவின் முன்னாள் ஆளுநர் கறி ஜோன்சன் லிபட்டேரியன் கட்சிக்கு ஏறத்தாழ 45 இலட்சம் வாக்குகளைத் தேடித்தந்தார். இரு பெருங்கட்சி வேட்பாளர்மீதும் மக்கள் கொண்டிருந்த வெறுப்பே அதற்குப் பெருங்காரணம். தம் சொந்த மாநிலத்திலேனும் அவர் பத்திலொரு பங்கை எட்டவில்லை. 2024இல் அக்கட்சியின் வாக்கு ஏறத்தாழ ஆறரை இலட்சமாய்ச் சுருங்கிற்று.

எனினும், வெல்லாதவர் பிறர் வெற்றியைக் குலைத்தல் கூடும். 2020இல் ஜோர்ஜியாவின் செனற் தேர்தலொன்றில் லிபட்டேரியன் வேட்பாளர் பெற்ற 2.3 வீதத்தால், 49.7 வீதம் பெற்ற குடியரசுக் கட்சியினர் அறுதிப் பெரும்பான்மையை இழந்தார். 2021 ஜனவரியில் நடந்த மறுதேர்தலில் அவர் தோற்க, அன்றே நடந்த மற்றைய ஜோர்ஜியாத் தேர்தலின் முடிவும் சேர்ந்து, செனற் சபையே கைமாறிற்று.

வேட்பாளரை விருப்பவரிசையில் தெரிவுசெய்யும் முறையை மெயின் 2016இலும், அலாஸ்கா 2020இலும் ஏற்றன. வாக்கு வீணாகுமென்ற அச்சத்தை இம்முறை தணிக்கும். ஆசனத்தைத் தானே பெற்றுத்தராது. 2024இல் அலாஸ்காவில் அதனை நீக்கும் முயற்சி சில நூறு வாக்குகளாலேயே தோற்றது. லிபட்டேரியன் கட்சி பிறந்த கொலறாடோ மாநிலமோ, அதே நாளில் அத்தகைய முறையை வேண்டாமென வாக்களித்தது.