கொழும்புக்குக் கப் ஏன் வருவதில்லை? ஒரு பழைய கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

லங்கா பிரீமியர் லீக் என்று பேச்செடுத்தால் நம்ம பக்கத்தில் ஒரு கேள்வி வந்தே தீரும். "பெரிய ஊரும் கொழும்பு, காசும் கொழும்பில, பிறகேன் கப் மட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போகுது?" 2020 முதல் 2024 வரை ஐந்து தொடர்கள் நடந்தன. யாழ்ப்பாண அணி நான்கை வென்றது. முதலாவது ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில், மற்ற மூன்றும் கிங்ஸ் என்ற பெயரில். 2023இல் கண்டி. கொழும்பு 2022இல் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது.

இது நமது கிரிக்கெட் வரலாற்றுக்கே தலைகீழான விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பின் பழைய கழகங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இனத்தின் பெயரில் பிறந்தவை. பறங்கியருக்கு 1896இல் ஒரு கழகம். 1899இல் சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., அதே ஆண்டில் தமிழ் யூனியன். நமது மூர்ஸ் 1908இல். 'இன்னார் என்று சொல்ல முடியாதவர்கள்' என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட நொன்டிஸ்கிரிப்ட்ஸ் இவற்றுக்கெல்லாம் முன்னையது, 1888. ஒரு கழகத்துக்கு ஆள் சேர்ப்பது அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் பந்தி வைப்பது மாதிரி. சொந்தத்துக்குள்தான். அப்படியும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது, பொரளை ஓவல் மைதானத்தில் இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியனின் மகாதேவ சதாசிவம்.

1988/89 பருவத்தில் கழகப் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எஸ்.எஸ்.சி., நொன்டிஸ்கிரிப்ட்ஸ், கோல்ட்ஸ், புளூம்ஃபீல்ட், சி.சி.சி., மூர்ஸ் என்று பட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆனால் 2009/10இல் சிலாபம் மேரியன்ஸ் வெல்லும் வரை அது கொழும்புக் கழகங்களை விட்டு வெளியே போகவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல்!

வெளியூரில் திறமை இல்லாமலா? ஜயசூரிய மாத்தறை, முரளிதரன் கண்டி, மாலிங்க காலிப் பக்கம், ரங்கன ஹேரத் குருநாகல். ஆனால் ஜயசூரியவை புளூம்ஃபீல்டிலும், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முரளியைத் தமிழ் யூனியனிலும், மாலிங்கவை நொன்டிஸ்கிரிப்ட்ஸிலும்தான் பார்த்தோம். ஹேரத் பத்து வருஷத்துக்கு மேல் நமது மூர்ஸ் கழகத்தில் பந்து வீசினார், பிறகு தமிழ் யூனியனுக்குப் போனார். டெஸ்டில் 433 விக்கெட் எடுத்த அந்த மனிதர் சம்பத் வங்கியில் வேலை பார்த்தவர். இந்த வேலை விஷயத்தைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது. கிரிக்கெட்டில் பெரிய சம்பளம் இல்லாத காலத்தில் வெளியூர்ப் பிள்ளையைக் கொழும்பு இழுத்தது கழகம் மட்டுமல்ல. வார நாளில் ஒரு வங்கியிலோ கம்பனியிலோ மேசை, தங்க ஒரு இடம், நல்ல ஆடுகளம், அதைப் பார்க்க வரும் தெரிவாளர்கள். இந்த நான்கும் சேர்ந்து கிடைத்த ஒரே ஊர் இதுதான்.

இதில் இனச் சுவரும் சத்தமில்லாமல் விழுந்தது. குருநாகல் ஹேரத் மூர்ஸுக்கு வந்தார். நவீத் நவாஸும் பர்வீஸ் மஹ்ரூபும் நொன்டிஸ்கிரிப்ட்ஸுக்கு ஆடினார்கள். 'நம்ம கழகத்தில நம்ம பிள்ளைகள் இல்லையே' என்று பெருமூச்சு விடும் பெரியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கவலை இல்லை. 2002/03இல் மூர்ஸ் சம்பியனானது பந்தியைப் பெரிதாக்கிய பிறகுதான்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலும் இதே கதை உண்டு. கரீம் அப்துல் ஜப்பார் 1971இல் மில்வோக்கி என்ற சின்ன நகரத்துக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் அந்த ஊர் வாழ்க்கை தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, 1975இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு மாறினார். அங்கே ஐந்து பட்டம். பெரிய ஊர் காசைக் காட்டி மட்டும் இழுப்பதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் அந்த லீக்கில் ஒரு விதி இருக்கிறது. புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத்தான் எடுக்க வேண்டும், பலவீனமான அணிகளுக்கே முன்வாய்ப்பு அதிகம். சம்பளத்துக்கும் வரம்புண்டு. அதனால்தான் சான் அன்டோனியோ போன்ற ஊர், 1997இல் டிம் டங்கனை முதல் ஆளாகவும், 1999இல் மனு ஜினோபிலியை 57ஆம் ஆளாகவும், 2001இல் டோனி பார்க்கரை 28ஆம் ஆளாகவும் எடுத்து, பொறுமையாகக் கட்டி, 1999 முதல் 2014க்குள் ஐந்து பட்டம் வென்றது.

லங்கா பிரீமியர் லீக்கிலும் அதுதான் நடந்தது. முறை வைத்துத் தெரிவு செய்தார்கள். 2023இல் ஏலம் விட்டபோது எல்லா அணிக்கும் ஒரே வரம்பு, ஐந்து இலட்சம் டொலர். கொழும்பு அணியால் கொழும்பைக் காட்டி ஒருவரைக்கூட இழுக்க முடியாது. யாழ்ப்பாணம் திசர பெரேராவைத் தலைவராக வைத்து, அவரை மாற்றாமல், முதல் மூன்று பட்டங்களையும் வென்றது.

அப்படியானால் கணக்கு நேராகிவிட்டதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. நேரானது கப் மட்டும்தான். அந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு லீக் போட்டிகூட ஆடியதில்லை. 2020 தொடர் முழுவதும் கொரோனா காரணமாக அம்பாந்தோட்டையில் நடந்தது. அந்தத் தொடரில் யாழ் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அறிமுகமாகி, முதல் விக்கெட்டாக அஞ்சலோ மெத்யூஸை வீழ்த்தினான். வடக்கே எத்தனை வீடுகளில் அன்றிரவு தூங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்! ஆனால் ஊரின் பெயரைத் தாங்கிய அணியில் ஊர்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொன்று. 'கொழும்பின் வாய்ப்பு' என்று நாம் சொல்வது எந்தக் கொழும்பு? எஸ்.எஸ்.சி., நொன்டிஸ்கிரிப்ட்ஸ், சி.சி.சி. மூன்றும் கறுவாத்தோட்டத்தில், ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போகலாம். கெத்தாராம மைதானம் 1986இல் மாளிகாவத்தையில் எழும்பியது. அதன் வெளிச்சம் நமது மொட்டை மாடிகளில் விழுகிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பிள்ளைகள் இன்னும் டேப் சுற்றிய டெனிஸ் பந்தில்தான் ஆடுகிறார்கள். என்னிடம் படிக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருவன் நன்றாக லெக் ஸ்பின் போடுவான். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் மஃரிப். கொம்பனித்தெருவில் மூர்ஸ் மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பஸ்ஸில் போகும்போது மதிலைப் பார்த்திருக்கிறானாம்.

கழகத்தில் அங்கத்தவர்களாக இருக்கும் சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால், சனிக்கிழமை காலையில் இப்படி நாலைந்து பிள்ளைகளை வலைப் பயிற்சிக்கு எடுக்க வழியுண்டா என்று எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வருவது என் பொறுப்பு.