தாளத்தின் பங்கு

கூட்டாக நிகழும் ஒரு கலையில் அங்கத்துக்குத் தரும் பரிசுக்கும் முழுமைக்குத் தரும் பட்டத்துக்கும் என்ன உறவு என்று நம் இசை விமர்சனம் கேட்டுக்கொண்டதில்லை. சபாக்களின் வருடாந்தரப் பட்டியல்களைப் பார்க்கையில், கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி அப்பட்டமாகத் தெரிவது அமெரிக்காவில். அங்கே ‘டிரம் கோர்’ என்ற இளைஞர் அணிகள் அணிவகுத்து நடந்தபடியே வாசித்துப் போட்டியிடுகின்றன. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் அனஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. தொடக்க காலத்தில் நடுவர்கள் மைதானத்தில் அணியோடு கூடவே நடந்து, பிழைக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கழித்துக்கொண்டே வந்தார்கள். இந்தக் கழித்தல் முறை 1980-களில் கைவிடப்பட்டது. இன்றைய கணக்கில் நூற்றுக்கு 40 பொது விளைவுக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு. இசைக்கான 30, பித்தளைக் குழல்களுக்கும் தாள வாத்தியங்களுக்கும் இசைப் பகுப்பாய்வுக்குமாக மூன்றாகப் பிரிகிறது. தாளத்தின் பெயரால் நேராக வருவது 10. தாளப் பிரிவில் முதலிடம் பெற்ற அணிக்குத் தனி விருது உண்டு; அந்த அணியே சாம்பியனாக வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்து வழி வந்த பைப் பாண்டுப் போட்டிகளில் நான்கு நடுவர்கள்: குழலுக்கு இருவர், முரசுக்கு ஒருவர், ஒத்திசைவுக்கு ஒருவர். முரசுக்குத் தனிப் பரிசு அங்கும் உண்டு.

இந்தக் கணக்கில் ஒரு புதிர் இருக்கிறது. நூறு பேர் ஒரே அடி வைத்து நடப்பது முரசினால். அந்த நடை காட்சிக்கான மதிப்பெண்ணில் சேர்கிறது. குழல்கள் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் நிற்பதும் முரசினால். அது குழலின் மதிப்பெண்ணில் சேர்கிறது. தாளம் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு அதன் பலன் பிறர் பெயரில் எழுதப்படுகிறது.

நான் இருக்கும் ஐயப்பன்தாங்கல் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. ஒரு முனையில் பரங்கிமலை, கம்பெனியின் பீரங்கிப் படைத் தலைமையிடம். மறுமுனையில் பூந்தமல்லி, ஐரோப்பியச் சிப்பாய்களின் முகாம். அந்தக் காலப் பட்டாளத்துக்கு முரசு சங்கீதம் அல்ல, உத்தரவு. எழு, நட, நில் என்பதை அதுதான் சொன்னது. இளமையில் மணலியில் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதர் ஆங்கில பாண்டு இசையைக் கேட்டு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது மெட்டை. முரசு கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கலை என்றால் மெட்டு, தாளம் அதற்குச் செய்யும் சேவகம் என்ற பிரிவினை நமக்கும் சௌகரியமாகவே இருந்திருக்கிறது.

நடந்துகொண்டே வாசிக்கும் தாள வாத்தியம் நமக்குப் புதிதா என்ன? தவில்காரர் தோளில் வாரைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குச்சியும் மறு கை விரல்களில் கூடுமாக வீதியெல்லாம் நடந்தவர். சுவாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு முன்பு தவில் முழங்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீரநாட்டையும் தாளக் கட்டும்தான் அதன் உடம்பு. அங்கே தவிலைப் பக்கவாத்தியம் என்று எவராவது சொன்னால் அவர் அதைக் கேட்டதில்லை என்று அர்த்தம். ஆனால் அங்கத்தைப் பிரித்துக் கௌரவிக்கும் பழக்கம் அங்கும் புகுந்தது. ‘ஸ்பெஷல் தவில்’ என்ற ஏற்பாடு அதுதான். கோஷ்டியின் வழக்கமான தவில்காரரோடு, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற ஒருவரைப் பெயர் போட்டு அழைப்பது. கூட்டம் அவருக்காகவே வந்தது. ஆனாலும் நிகழ்ச்சி நாகஸ்வரக் கச்சேரி என்றே அழைக்கப்பட்டது.

நடந்த இசை சபாவில் உட்கார்ந்தபோது இந்தப் பிரிவினை சட்டமாகிவிட்டது. 1928-ல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதெமி, 1942 முதல் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்குகிறது. பட்டம் பெறுகிறவர் அந்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகிப்பவர். ஒரு மிருதங்கக்காரர் அந்த நாற்காலியில் உட்கார 1966 வரை ஆயிற்று. பாலக்காடு மணி ஐயர்தான் முதல்வர். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-லேயே போய்விட்டார். மணி ஐயருக்கு அடுத்து உமையாள்புரம் சிவராமன், 2001-ல். நடுவே 35 ஆண்டுகள். பிறகு வேலூர் ராமபத்ரன், பாலக்காடு ரகு, திருச்சி சங்கரன், 2021-க்கான பட்டம் பெற்ற திருவாரூர் பக்தவத்சலம். தவிலுக்கு இன்றுவரை இல்லை. நாகஸ்வரத்துக்கு 1956-லேயே திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை மூலம் கிடைத்த இடம், அதே மேளத்தின் மறுபாதிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சிறந்த மிருதங்கம், சிறந்த உபபக்கவாத்தியம் என்று பருவந்தோறும் பரிசுகள் உண்டு.

அங்கப் பரிசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளம் தெரிந்த காது தாளத்தை மதிப்பிடத் தனி இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் பெயர்கூட மிஞ்சாது. என் ஆட்சேபம் வேறு. தனிப் பரிசு கொடுத்தாயிற்று என்பதாலேயே முழுமையில் அவருக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டுகிறோம். தனி ஆவர்த்தனம் என்பதே இப்படியொரு அங்கப் பரிசுதான். அந்தப் பத்து நிமிஷம் உனக்கு, மீதி இரண்டரை மணி நேரம் பாடகருக்கு என்று பாகம் பிரித்தாகிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் சபை காப்பிக்கு எழுந்துபோகிறது. மணி ஐயரின் மேதைமை தனியில் மட்டுமா இருந்தது? கிருதியின் போக்கை அறிந்து கூடவே போனதில், வாசிக்காமல் விட்ட இடங்களில் இருந்தது. அந்த மௌனத்தை எந்தத் தலைப்பின் கீழ் மதிப்பெண் போடுவது?

நம் இலக்கிய விமர்சனமும் இதே கணக்குப் பிள்ளை வேலையைத்தான் பார்க்கிறது. நடைக்கு இவ்வளவு, உருவத்துக்கு இவ்வளவு, கருத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப்போட்டு, கூட்டுத்தொகையைப் படைப்பு என்கிறது. ‘நடை நன்றாக இருக்கிறது’ என்பது ஓர் எழுத்தாளனுக்கு நாம் தரும் சிறந்த மிருதங்கப் பரிசு. வாக்கியத்தின் லயம் ஒரு கதையின் கருத்தையே தீர்மானித்திருக்கலாம் என்ற சந்தேகம் நமக்கு வருவதில்லை. வந்தால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முதலிலிருந்து கேட்கவேண்டியிருக்கும்.