காட்டுச் சூரியகாந்தி

காட்டுச் சூரியகாந்தி (ஹெலியாந்தஸ் அன்னூஸ்) வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஓராண்டுச் செடி. எண்ணெய்க்குப் பயிரிடும் வகை ஒற்றைத் தண்டில் ஒரே பெரிய பூத்தலையைத் தாங்கும்; காட்டுச் செடியோ பல கிளைவிட்டுச் சிறு தலைகளாகப் பூக்கும். இலை சொரசொரப்பானது, அடியிலைகள் இதய வடிவம். நடுத்தட்டு செம்பழுப்பு. உறுதி செய்யப் பூவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: அடியிலுள்ள பச்சைச் செதில்கள் அகன்று, நுனியில் சட்டென வால்போல் குறுகி, ஓரத்தில் மயிர் கொண்டிருக்கும். நெருங்கிய உறவான ஹெலியாந்தஸ் பெட்டியோலாரிஸில் செதில்கள் ஒடுங்கியவை. அதன் தட்டின் மையத்தில் வெண்மயிர் தெரியும்.

மலேசியாவுக்குக் காட்டுச் சூரியகாந்தி இயல்செடி அன்று. பேராக்கில் சுங்காய் போன்ற பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளில் மஞ்சள் பூவைக் கண்டால் நிறத்தை நம்பாமல், செடி வளரும் விதத்தைப் பார்ப்பதே சரி. எதிரெதிர் இலைகளுடன், கணுதோறும் வேர்விட்டுத் தரையில் படர்வது வெடேலியா. ஆளுயரம் தாண்டிய புதராக நின்று, இலைகள் 3 முதல் 5 மடல்களாகப் பிளந்திருந்தால் மெக்சிகோ சூரியகாந்தி (தித்தோனியா டைவர்சிஃபோலியா). அதன் பூக்காம்பு தலைக்கு அடியில் பருத்து, உள்ளீடற்று இருக்கும். பல்லாண்டு வாழும் இச்செடியை இலங்கையில் பசுந்தழை உரமாக வெட்டிப் பயன்படுத்துகின்றனர். அதன் இலைகளில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுதி.