சென்னை வானாய்வகத்தின் தீர்க்க அளவும் இந்திய நிலவரைபடமும்

புவியில் ஓர் இடத்தைச் சுட்டுவதற்கு அட்சம், தீர்க்கம் என்னும் இரண்டு அளவுகள் வேண்டும். பாடநூல்கள் இவற்றை ஒரு வலையின் குறுக்கு இழை, நெடுக்கு இழை எனக் காட்டுவதால் இரண்டும் ஒரே தன்மையன போலத் தோன்றும். வரலாற்றில் அவை அவ்வாறு இருந்ததில்லை. அட்சத்தை நின்ற இடத்திலேயே வானைப் பார்த்து அறியலாம். தீர்க்கமோ வேறோர் இடத்தின் நேரத்தை அறிந்தாலன்றிக் கிட்டாது. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், இரு இடங்களின் தல நேரங்களுக்கிடையே 4 நிமிட வேறுபாடு இருப்பின் அவற்றின் தீர்க்க வேறுபாடு 1 பாகையாகும். தொலைவிலுள்ள ஓர் ஊரில் இக்கணம் என்ன நேரம் என்று அறிவது எங்ஙனம்? சென்னை வானாய்வகத்தின் தீர்க்க அளவு ஒரு நூற்றாண்டுக் காலம் திருத்தத்திற்கு உள்ளாகி வந்தமைக்கு இவ்வினாவே காரணம்.

பஞ்சாங்க மரபில் அட்சமும் தேசாந்தரமும்

இவ்வேறுபாட்டை இந்திய வானியல் மரபு தெளிவாக உணர்ந்திருந்தது. பகலும் இரவும் சமமான நாளின் நண்பகலில் 12 அங்குல உயரமுள்ள சங்கு வீழ்த்தும் நிழலின் நீளம் 'பலபா' எனப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அது சென்னைக்கு ஏறத்தாழ 2.8 அங்குலம், தஞ்சாவூருக்கு 2.3 அங்குலம். ஒரு குச்சியும் சமதரையும் போதும். ஊரின் அட்சம் கையில் வந்துவிடும்.

தேசாந்தரத்திற்கு இத்தகைய எளிய வழி இல்லை. இலங்கை, உஜ்ஜயினி வழியாகச் செல்லும் நடுக்கோட்டை மரபு அடிப்படையாகக் கொண்டது. இங்கு இலங்கை என்பது நிலநடுக்கோட்டின்மீது வானியலார் கற்பித்துக்கொண்ட புள்ளி. இன்றைய இலங்கைத் தீவு அன்று. நடுக்கோட்டுக்குக் கணித்த சந்திர கிரகண நேரத்தையும் உள்ளூரில் கண்ட நேரத்தையும் ஒப்பிடும் முறையைச் சூரிய சித்தாந்தம் கூறுகிறது. கணித்த நேரத்திற்குப் பின்னர் கிரகணம் காணப்பட்டால் ஊர் கிழக்கே உள்ளது. முறை பிழையற்றது, கருவிதான் போதாது. புவி நிழலின் விளிம்பு மங்கலானது, நாழிகை வட்டிலோ நுட்பமற்றது. கால் நாழிகை தவறினால் தீர்க்கம் ஒன்றரைப் பாகை தவறும். தமிழகத்தின் அட்சத்தில் அது 160 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு.

நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகத்தை நிறுவியது. மைக்கேல் டாப்பிங் அதன் உருவாக்கத்தில் முதன்மையானவர். அவரை அடுத்து ஜான் கோல்டிங்காம் பொறுப்பேற்றார். கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கல்வெட்டு ஆட்சியின் பெருமையைப் பேசினாலும், அத்தூணின் உண்மையான முதன்மை அது நின்ற இடத்தின் தீர்க்க அளவில் இருந்தது.

அவ்வளவைக் கணிக்க வியாழனின் துணைக்கோள்கள் பயன்பட்டன. துணைக்கோள் வியாழனின் நிழலில் மறையும் கணம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது; ஆகவே கிரீனிச்சில் அது நிகழும் நேரத்தோடு சென்னை நேரத்தை ஒப்பிடலாம். சந்திர கிரகண முறையின் அதே தருக்கம் இது. குறையும் அதே குறைதான்: துணைக்கோள் சட்டென்று அணைவதில்லை, சிறுகச் சிறுக மங்குகிறது. எக்கணத்தை மறைவாகக் கொள்வது என்பது தொலைநோக்கியின் திறனையும் காண்பவரின் கண்ணையும் பொறுத்தது. முதலில் 80 பாகை 18 கலை 30 விகலை எனக் கொள்ளப்பட்ட சென்னையின் தீர்க்கம் பின்னர் 80 பாகை 17 கலை 21 விகலையாகக் குறைக்கப்பட்டது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை.

வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கினார். தீபகற்பத்தின் அகலத்தை முந்தைய வரைபடங்கள் ஏறத்தாழ 40 மைல் மிகுத்துக் காட்டியிருந்தமை அவரது அளவையால் வெளிப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அவரது அரை டன் எடையுள்ள தியோடலைட் மோதிச் சேதமுற்றதும், அவரே அதைச் சீர்செய்ததும் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. ஆனால் நில அளவையின் பெரும்பிழை அக்கருவியிலிருந்து வந்ததன்று. முக்கோணங்கள் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள உறவையே தரும். முழு வலையையும் கிரீனிச்சோடு பிணைத்தது சென்னைத் தூணின் தீர்க்கம் ஒன்றே. அது நகர்ந்தால் நாடே வரைபடத்தில் நகரும்.

லாம்டனுக்கு உதவியாளராக இருந்த ஜான் வாரன் 1805 முதல் 1811 வரை இவ்வானாய்வகத்தின் பொறுப்பை வகித்தார். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவரது 'காலசங்கலித' (1825) பதிவு செய்கிறது. இரு மரபுகளையும் அருகிருந்து கண்ட ஒருவரின் சாட்சியம் என்பதால் அப்பதிவுக்குத் தனி மதிப்புண்டு.

தந்தியும் திருத்தமும்

மின்தந்தி வந்தபின்னர் தொலைவிலுள்ள ஊரின் நேரம் வானின் துணையின்றி எட்டியது. 1894-96இல் பர்ரார்டும் லெனாக்ஸ்-கனிங்காமும் கிரீனிச்சையும் கராச்சியையும் தந்திவழி இணைத்து நேர வேறுபாட்டை அளந்தனர். அதன் பயனாக இந்தியத் தீர்க்க அளவுகளிலிருந்து 2 கலை 27 விகலையைக் கழிக்க வேண்டியிருந்தது. மத்திய இந்தியாவில் நில அளவையின் தொடக்கப் புள்ளியாக விளங்கிய கல்யாண்பூரின் தீர்க்கம் 77 பாகை 41 கலை 44.75 விகலையிலிருந்து 77 பாகை 39 கலை 17.57 விகலையாக மாறியது.

நேரக் கணக்கில் இப்பிழை 10 நொடிக்கும் குறைவு. நிலத்தில், சென்னையின் அட்சத்தில், அது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். அட்சத்தில் இத்தகைய பெருந்திருத்தம் வேண்டப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டு நிலவரைபடங்களைச் சான்றாகக் கொள்ளும் தொல்லியல், ஊர்ப்பெயர் ஆய்வுகளுக்கு இது இன்றும் பொருட்படுத்தத்தக்கது. பழைய அளவையில் குறிக்கப்பட்ட ஒரு மேட்டையோ, அழிந்த ஏரியையோ தீர்க்கத்தைத் திருத்தாமல் இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தேடுபவர், உரிய இடத்திற்கு நான்கு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே சென்று நிற்பார். அட்சம் பொருந்தியிருப்பதால் தேடும் இடம் சரியென்றே தோன்றும்; அங்கு ஒன்றும் காணாதபோது ஊர் மறைந்துவிட்டதாக முடிவுகட்ட நேரும். வரைபடத்தின் ஓரக்குறிப்பில் சென்னை வானாய்வகத்திற்குக் கொள்ளப்பட்ட தீர்க்கம் எதுவென முதலில் பார்ப்பது நலம்.