ஜாக்கி ஏன் தூக்க மறுக்கிறது? ஒரு தோல் வளையத்தின் கதை

கோவையில் எந்த கார் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் டிராலி ஜாக்கி ஒன்று கிடக்கும். காருக்கு அடியில் தள்ளி, கைப்பிடியை நாலு அடி அடித்தால், ஆயிரம் கிலோவுக்கு மேல் கனமுள்ள அம்பாசடரின் மூக்கு மேலே எழும்பும். சில நாள் எழும்பாது. அடிக்க அடிக்கக் கைப்பிடி லேசாகப் போகும், வண்டி அசையாது. அல்லது இரண்டு அங்குலம் ஏறிவிட்டு, பெருமூச்சு விட்ட மாதிரி மெதுவாக இறங்கும். "சீல் போச்சுங்க" என்பார் மெக்கானிக். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது!

ஜாக்கியின் தத்துவம் பள்ளியில் படித்த அதே பாஸ்கல் விதிதான். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். பாஸ்கல் இறந்த மறுவருடம், 1663-ல்தான் அந்த நூல் அச்சானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிக்கும் பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., தூக்கும் பிஸ்டனின் விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்பு 9 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் பலம் இன்னொரு 10 மடங்கு. ஆக 20 கிலோ அழுத்தினால் 1,800 கிலோ (உராய்வில் போவது தனி). ஆனால் எதுவும் இலவசம் இல்லை. சின்ன பிஸ்டன் 9 மி.மீ. இறங்கினால் பெரியது 1 மி.மீ.தான் ஏறும். மொத்தமாகக் கட்ட முடியாத கடனைத் தவணையில் கட்டுவது மாதிரி!

இந்த விதியை வைத்து பெரிய இயந்திரம் செய்தவர் லண்டனில் பூட்டுக் கடை வைத்திருந்த ஜோசப் பிராமா. 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். (தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் அறிவித்தவரும் இவர்தான். 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறக்கும்வரை அந்தப் பூட்டு யாருக்கும் மசியவில்லை.) ஆனால் பிரஸ் தலைவலி கொடுத்தது. அழுத்தம் ஏற ஏற, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளியில் தண்ணீர் பீய்ச்சியது. சுற்றிலும் இறுக்கி அடைத்தால் ஒழுகல் நின்றது, பிஸ்டன் மாட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது.

தீர்த்து வைத்தது பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் என்று, பின்னாளில் மாட்ஸ்லேயிடமே தொழில் பழகிய ஜேம்ஸ் நாஸ்மித் பதிவு செய்திருக்கிறார். குழிந்த வடிவில் ஒரு தோல் வளையம், அவ்வளவுதான். அழுத்தம் வரும்போது தண்ணீரே அதன் உதட்டை விரித்துச் சிலிண்டரோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் போனால் தளர்ந்து பிஸ்டனை விட்டுவிடும். எந்தத் தண்ணீர் ஒழுகியதோ அதையே காவலுக்கு வைத்த யோசனை!

அந்த மாட்ஸ்லேவுக்குக் கிடைத்த சம்பளம் வாரம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியதால் கொஞ்சம் கூடக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். காப்புரிமை முதலாளி பெயரில், வளையம் தொழிலாளியின் மூளையில். கணக்குப் புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? மாட்ஸ்லே 1797-ல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். இன்று லேத் ஓட்டும் ஒவ்வொருவரும் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும், மரை வெட்டும் லேத்தைத் துல்லியமாக்கியவர் அவர்தான். சம்பளம் போதாமல் வெளியே வந்து சொந்தமாக லேத் போடுவது கோவைக்காரர்களுக்குப் புதுக் கதையா என்ன?

கையில் தூக்கிப் போகக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்கு நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை வாங்கியது 1851-ல். ஆம், பிராமாவின் பூட்டு திறந்த அதே வருடம்.

கொங்கு நாட்டுக்குத் தோலும் தண்ணீரும் ஏற்கெனவே பழக்கம். கவலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் கட்டிய தோல் வால் கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் இல்லை. அடி பம்பு வந்தபோது அதற்குள்ளும் ஒரு தோல் வாஷர் இருந்தது. 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பஸ் வந்த ஊரில் பட்டறை வந்தது, பட்டறை வந்த இடத்தில் வண்டியைத் தூக்க வேண்டிய தேவையும் வந்தது.

சரி, தூக்காத ஜாக்கிக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் சீல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. முதலில் இறக்கும் வால்வு முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி திறந்திருந்தால் அடித்த எண்ணெய் எல்லாம் வந்த வழியே திரும்பும். அடுத்தது காற்று. எண்ணெயை நசுக்குவது கடினம், காற்றை நசுக்குவது சுலபம். அதனால் உள்ளே காற்று இருந்தால் அடிப்பதெல்லாம் அதை நசுக்குவதிலேயே போகும். வால்வைத் திறந்து வைத்து, சுமை இல்லாமல் பத்துப் பதினைந்து முறை வேகமாக அடித்தால் காற்று வெளியேறும். பிஸ்டனை முழுசாக இறக்கிவிட்டு எண்ணெய் மட்டத்தையும் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுவது பெரிய தப்பு, சாதாரண ஜாக்கியின் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். ஏறிய வண்டி தானாக இறங்கினால் வால்வு குண்டில் அழுக்கு இருக்கலாம், அல்லது சீல் தேய்ந்திருக்கலாம்.

எதுவானாலும், சக்கரத்துக்குக் கல் வைத்து, இரும்பு ஸ்டாண்டும் கொடுக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சீல் எந்த நிமிடம் விடும் என்று சொல்லிவிட்டு விடுவதில்லை.

புது சீல் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும், ஜாக்கி மறுபடியும் தூக்காது. மாட்ஸ்லேயின் தோல் வளையமும் தண்ணீர்ப் பக்கம்தான் பார்த்திருந்தது.