முறைமணமும் இதயநோயின் மரபும்

விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த தெலுங்குக் குடிகளுள் ஒரு பிரிவினரான ராஜுக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைத்துக்கொண்ட குடியிருப்பே இராஜபாளையமாக வளர்ந்தது. அங்கும் அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நெசவு செய்த சாலியர் உள்ளிட்ட பல சமூகத்தார் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தாலும், ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. அவ்வட்டத்துக்குள்ளும் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என முறை உள்ளவர்களுக்கே முதல் உரிமை இருந்தது. நிலமும் நகையும் குடும்பத்தைவிட்டுப் போகா என்பதும், பெண் தெரிந்த வீட்டுக்கே வாழப்போகிறாள் என்பதும் இவ்வழக்கத்தைத் தாங்கி நின்ற காரணங்கள்.

சாதிக்குள் மணப்பதும் உறவுக்குள் மணப்பதும் மரபணுவியலில் வெவ்வேறு விளைவுகளைத் தருவன. சிலரிலிருந்து பெருகிய ஒரு கூட்டம் பல தலைமுறைகள் வெளியே மணக்காதிருந்தால், அம்முன்னோருள் ஒருவரிடம் இருந்த அரிய மரபணு மாற்றம் அக்கூட்டத்தில் பரவலாகிவிடக்கூடும். இதனை நிறுவுநர் விளைவு என்பர். தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 81 குழுக்களில் இவ்விளைவு பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்படுவதைவிட வலிமையானது எனக் கண்டது. உறவுமணமோ அத்தகைய மாற்றத்தின் இரு படிகளையும் ஒரே குழந்தையிடம் சேர்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

இதயத்தைப் பொறுத்தவரை, மரபணு மாற்றத்தின் பங்குக்கான சான்று இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள மதுரையிலிருந்தே தொடங்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத் தசைநோய்க்கான வாய்ப்பைப் பன்மடங்கு உயர்த்துவதைக் காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இம்மாற்றத்தைத் தாங்குகின்றனர். இது ஏறக்குறைய 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் கணிக்கப்படுவதால், சாதிகளுக்கெல்லாம் மூத்தது. ஆகவே சாதி, மொழி, சமய எல்லைகளைக் கடந்து காணப்படுகிறது. இதனை எந்த ஒரு சமூகத்தின் குறையாகவும் பேசுதல் பெரும் பிழை.

இளவயது மாரடைப்பின் வரலாறு வேறு. சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை டி. ஜே. தனராஜும் பிறரும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலும் தமிழரான அங்குள்ள இந்தியரிடம் இதயத் தமனி நோய் சீனரைவிட மிக அதிகம் எனக் காட்டியது. 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியரிடம் 53 ஆகவும் பிற நாட்டவரிடம் ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. எனினும் புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், தொப்பை, கொழுப்பு முதலிய அறிந்த காரணங்களே இந்த இடைவெளியைப் பெரிதும் விளக்கின. இலண்டன் வாழ் இந்தியரிடம் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் கூடுதலாக இருந்ததும் வயிற்றுக் கொழுப்போடும் இன்சுலின் எதிர்ப்போடும் இணைந்தே காணப்பட்டது. அழற்சி என்பது உடல் தன் காயத்தையோ கிருமியையோ எதிர்க்கும் செயல். அது தமனிச் சுவரில் ஓயாது நீடித்தால் கொழுப்புப் படிவு வெடித்து இரத்தம் உறைகிறது. அப்புரதம் நெருப்பன்று, புகையே என்பது அதன் அளவை உயர்த்தும் மரபணு வேறுபாடுகள் மாரடைப்பைக் கூட்டவில்லை என்னும் பின்னைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. மாறாக, இன்டர்லூகின்-6 என்னும் அழற்சித் தூதுப்பொருளின் ஏற்பியில் உள்ள ஒரு வேறுபாடு நோயைக் குறைப்பதை 2012இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இந்நோய்களின் மரபுக் கூற்றை அறிய மருத்துவர் கேட்கும் குடும்ப வரலாறு முறைமணத்தோடு மோதுகிறது. மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியர் எட்டுப் பேர் அல்லர், ஆறு பேரே. தாய்மாமனே அக்காள் மகளை மணந்த வீட்டில், தந்தையின் தந்தையும் தாயின் தாய்வழிப் பாட்டனாரும் ஒருவரே. அவர் 45 வயதில் மாரடைப்பால் இறந்திருந்தால், தந்தை வழி, தாய் வழி என இரு கட்டங்களிலும் அவர் பெயரே எழுதப்பட வேண்டும். ‘இந்தியர்’ என்னும் ஒற்றைச் சொல்லால் நோயாளியை வகைப்படுத்தும் படிவங்களில் இதற்கு இடமில்லை. யார் யாருக்கு என்ன முறை என்பதை இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் பல தலைமுறைக்கு மனப்பாடமாகச் சொல்வர். மருத்துவமனைப் பதிவேடு முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த விவரத்தையே.